பித்தநாளப் புற்றும் செவ்வொளிச் சிகிச்சையும்

கல்லீரலில் ஊறும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டு சேர்க்கும் பொது நாளம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலமே உடையது. நாள்தோறும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட பித்தநீர் அக்குறுகிய வழியே தடையின்றி ஓடிக்கொண்டிருப்பதனால்தான் நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் ஜீரணமாகின்றன. சிதைந்த செவ்வணுக்களிலிருந்து பிறக்கும் மஞ்சள் நிறக் கழிவும் உடலை விட்டு நீங்குகிறது. வேறோர் உறுப்பில் தோன்றியிருந்தால் பல மாதங்கள் எவருக்கும் தெரியாமலே இருந்திருக்கக்கூடிய சிறு கட்டி, இந்த நாளத்தின் உட்சுவரில் தோன்றிவிடுமானால், அப்பாதையை முற்றிலும் அடைத்து, பித்தத்தைக் கல்லீரலுக்குள்ளேயே தேக்கி, அதன் வழியாக நோயாளியின் இரத்தத்தையும் கண்களையும் தோலையும் மஞ்சளாக்கிவிடுகிறது. இந்நோயால் மரிப்பவர்களுள் பலர் புற்று உடலெங்கும் பரவியதால் மரிப்பதில்லை. தேங்கிய பித்தத்தில் கிருமி புகுவதால் வரும் குளிர்காய்ச்சலாலும், கல்லீரல் படிப்படியாகச் செயலற்றுப் போவதாலும் மரிக்கிறார்கள். நாளத்திற்குள்ளேயே ஒளியைச் செலுத்திக் கட்டியை அழிக்கும் முயற்சிக்கு நியாயம் இங்கேதான் பிறக்கிறது. உடல் முழுவதும் உள்ள நோயை ஒழிக்க இயலாவிடினும், அடைபட்ட அந்தச் சில அங்குல வழியைத் திறந்து வைத்திருக்க முடிந்தால், நோயாளிக்கு மாதங்களும், சில வேளைகளில் ஆண்டுகளும் கிடைக்கக்கூடும் என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

வலப்பக்கத்து நாளமும் இடப்பக்கத்து நாளமும் கூடுகின்ற சங்கமத்தில் வரும் புற்றே இவ்வகையில் அதிகம். அமெரிக்க வைத்தியர் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் 1965-ல் இத்தகைய 13 நோயாளிகளைக் குறித்து விரிவாக எழுதியதால் அது இன்றும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. அறுவைச் சிகிச்சையால் அதை அடியோடு அகற்ற முடிந்தால் அதுவே தலையாய வழி. ஆனால் ஈரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் அவ்விடத்தை ஒட்டியே ஓடுவதால், நோய் தெரிய வரும்போது பெரும்பாலோருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர்களுக்காக எழுந்ததே ஒளிச் சிகிச்சை பற்றிய வினா.

அவ்வினாவிற்குள் புகுமுன், நம் பிரதேசத்தில் இந்நோய் எந்தக் கோலத்தில் வைத்தியரிடம் வந்து சேர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கிருஷ்ணகிரி ஜில்லாவில், சேலத்திற்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் சாமல்பட்டியிலும், ஊத்தங்கரையைச் சுற்றிய மற்றக் கிராமங்களிலும் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், அதற்கு முதலில் கிடைக்கும் பெயர் மஞ்சள் காமாலை. முதலில் கிடைக்கும் மருந்து கீழாநெல்லி. வரப்பில் முளைத்திருப்பதை வேரோடு பிடுங்கிக் கழுவி, அம்மியில் மையாக அரைத்து, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கி, விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பும் புளியும் எண்ணெயும் நீக்கிய பத்தியத்தில் வைத்திருப்பார்கள். இப்பழக்கத்தை இகழ்வது என் நோக்கமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் இம்மூலிகையின் ஓர் இனத்தைக் கல்லீரல் அழற்சி 'பி' வைரஸைச் சுமந்திருந்தவர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்து, 1988-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லையாயினும், அது நேர்மையாக எழுப்பப்பட்ட கேள்வியே. சங்கடம் எங்கே இருக்கிறதென்றால், அசுத்த நீரால் வரும் வைரஸ் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடுவதால், அந்தக் குணமடைதலின் பெருமை முழுவதும் பச்சிலைக்குச் சேர்ந்து, அடைப்பினால் வந்த காமாலைக்கும் அதே வைத்தியம் நாள்கணக்கில் தொடரப்படுகிறது. அடைப்புக் காமாலைக்கு அதன் அடையாளங்கள் தெளிவாகவே உண்டு: மலம் வெளுத்துக் களிமண் நிறமாகும், சிறுநீர் கறுத்துப் போகும், காய்ச்சலோ வாந்தியோ இன்றியே உடம்பெங்கும் இரவில் தூங்கவிடாத அரிப்பு எடுக்கும், வயது ஐம்பதைக் கடந்தவராக இருப்பார், வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடல் இளைக்கும். இவற்றுள் இரண்டு சேர்ந்து காணப்பட்டால் பத்தியம் முடியும் வரை காத்திருக்கலாகாது.

இனி ஒளியின் வரலாறு. மருந்தொன்றை உடலிலேற்றி அதன்மேல் ஒளியைப் படவைத்து நோயைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று; வெண்புள்ளி நோய்க்குக் கார்போகரிசியைப் பிரயோகித்துப் பின் வெயிலில் நிற்கச் செய்யும் முறை சித்த ஆயுர்வேத வைத்தியங்களில் நெடுங்காலமாக இருந்து வருவது. அவ்விதையிலுள்ள சத்து செயற்படும் விதம் வேறு, இங்கே பேசும் சிகிச்சையின் விதம் வேறு. எனினும் மருந்து தனித்து நின்றும் ஒளி தனித்து நின்றும் செய்யாததை இரண்டும் கூடிச் செய்யும் என்ற அனுபவம் ஒன்றே. மேல்நாட்டில் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சென், தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்து 1903-ல் நோபல் பரிசு பெற்றார். அதற்குச் சற்று முன்பே ம்யூனிக் நகரில் மருத்துவ மாணவராயிருந்த ஆஸ்கர் ராப், அக்ரிடீன் என்ற சாயம் நுண்ணுயிர்களைக் கொல்லும் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஒரே அளவு சாயம் வெளிச்சத்தில் விரைவாகவும் இருளில் மிகத் தாமதமாகவும் கொல்வதைக் கண்டு 1900-ல் வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் ஹெர்மன் ஃபான் டாப்பைனர், இயோசின் சாயத்தைத் தோல் கட்டிகளின்மேல் பூசி ஒளி காட்டிப் பார்த்ததோடு, இச்செயலுக்குப் பிராணவாயு இன்றியமையாதது என்பதையும் நிலைநாட்டினார். 1912-ல் ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மானிய வைத்தியர், இரத்தத்தின் செந்நிறப் பொருளிலிருந்து வடித்த ஹீமாட்டோபார்ஃபிரினில் 200 மில்லிகிராமைத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் சென்று, முகமும் கைகளும் அடையாளம் தெரியாதபடி வீங்கிப் பல வாரங்கள் துன்புற்றார். இச்சிகிச்சையின் பலம், பலவீனம் ஆகிய இரண்டும் அந்த ஒரு மனிதரின் தேகத்தில் எழுதப்பட்டுவிட்டன என்றே சொல்லலாம். அப்பொருளைச் செம்மைப்படுத்தி, அமெரிக்காவில் பஃபலோ நகரின் ரோஸ்வெல் பார்க் நிலையத்தில் தாமஸ் டௌவர்ட்டி 1978-ல் 25 நோயாளிகளின் கட்டிகளுக்குச் செய்த சிகிச்சையிலிருந்தே நவீன காலம் தொடங்குகிறது. போர்ஃபிமர் சோடியம் என்ற அந்த மருந்துக்கு 1993-ல் கனடாவிலும் 1995-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. ஆனால் அது முறையே மூத்திரப்பைப் புற்றுக்கும் உணவுக்குழாய்ப் புற்றுக்குமே அளிக்கப்பட்டது.

மருந்து செயற்படும் விதத்தைச் சற்றே நின்று பார்ப்பது அவசியம். நோயாளியின் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் அது சிரை வழியே ஏற்றப்படுகிறது. அது உடலெங்கும் பரவுகிறது. பின்னர் நல்ல திசுக்கள் அதை மெல்ல வெளியேற்றிவிட, புற்றுத் திசு அதைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 48 மணி நேரம் கழித்து, வாய் வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, சிறுகுடலில் பித்தநாளம் திறக்கும் சின்னஞ்சிறு முகத்தைக் கண்டு, அதனுள் மெல்லிய கம்பியை ஏற்றி, பித்தம் வடிய முன்பு வைத்த ஸ்டென்ட் என்னும் சிறு குழாய் இருந்தால் அதை எடுத்துவிட்டு, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே கட்டியின் நெடுகிலும் ஓர் ஒளியிழையைக் கிடத்துகிறார்கள். சாதாரண ஒளியிழை நுனியில் மட்டும் ஒளிவிடும்; இதுவோ தன் கடைசிச் சில சென்டிமீட்டர் நீளம் முழுவதிலும் பக்கவாட்டில் ஒளி சிந்தும்படி செய்யப்பட்டது. 630 நானோமீட்டர் அலைநீளமுள்ள செந்நிற லேசர் ஒளி, சதுர சென்டிமீட்டருக்கு 180 ஜூல் கணக்கில், பத்துப் பன்னிரண்டு நிமிஷங்கள் பாய்ச்சப்படுகிறது. அதில் வெப்பம் இல்லை, எரிப்பது ஒளியன்று. ஒளியை வாங்கிய மருந்து தன் சக்தியை அருகிலுள்ள பிராணவாயுவுக்குக் கொடுக்க, உக்கிரமான ஒருவகைப் பிராணவாயு பிறந்து, தான் தோன்றிய இடத்தைவிட்டு ஒரு மில்லிமீட்டரில் 50,000-ல் ஒரு பங்கு தூரம்கூடச் செல்லுமுன் தன் ஆயுளை முடித்துக்கொள்கிறது. அந்த அற்ப தூரத்திற்குள் அகப்பட்ட உயிரணுவின் சவ்வுகளும், கட்டியை ஊட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நாசமாகின்றன. அடுத்திருக்கும் நல்ல திசு பெரும்பாலும் தப்புவது இதனால்தான்.

பிறந்த குழந்தைக்குக் காமாலை என்றால் நீல ஒளியின் கீழ் வைப்பதை நம் ஊர்த் தாய்மார் அனைவரும் அறிவர். இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் 1950-களில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்ததிலிருந்து வந்த முறை அது. அங்கே நீலம், இங்கே சிவப்பு என்பது தற்செயலன்று. குழந்தையின் இரத்தத்திலுள்ள மஞ்சள் பொருளான பிலிருபின் நீல ஒளியை விழுங்கி உருமாறிக் கரைந்து வெளியேறுகிறது. ஆகவே அங்கே நீலம் வேண்டும். பித்தநாளத்திலோ பிலிருபினும் இரத்தமும் ஒளியை விழுங்காமல் அது கட்டிக்குள் ஊடுருவியாக வேண்டும். அவ்விரண்டும் குறைவாக விழுங்குவது சிவப்பையே. அச்சிவப்பும் சுமார் 4 மில்லிமீட்டர் ஆழம் வரையில்தான் புற்றைக் கொல்லும் வலிமையோடு செல்கிறது. நாளத்தை ஒட்டிய மெல்லிய கட்டிக்கு அது போதும். ஈரலுக்குள் பருத்து வளர்ந்த கட்டிக்குப் போதாது. இந்த நாலு மில்லிமீட்டரை மறந்துவிட்டு இச்சிகிச்சையைப் பற்றிச் செய்யும் எந்த வாக்குறுதியும் பொய்யாகவே முடியும்.

மனித நோயாளிகளிடம் இது என்ன செய்தது என்பதே வினாவின் நடுநாயகம். 1998-ல் மரியா ஆர்ட்னரும் அவருடைய சகாக்களும் ஸ்டென்ட் வைத்தும் காமாலை தணியாத 9 பேருக்கு இதைச் செய்து, அவர்களின் நடுத்தர ஆயுள் 439 நாட்கள் என்று அறிவித்தபோது, இந்நோயை நன்கறிந்தவர்கள் திகைத்தனர். 2003-ல் அவரே 39 பேரைச் சீட்டெடுப்பது போன்ற முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், ஸ்டென்ட் மட்டும் பெற்றவர்கள் 98 நாட்களும், ஸ்டென்ட்டோடு ஒளியும் பெற்றவர்கள் 493 நாட்களும் வாழ்ந்ததாக முடிவு வந்தது; வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை மேலும் நடத்துவது தர்மமாகாது என்று நிறுத்திவிட்டனர். 2005-ல் த்ஸோப்ஃப் என்பவரின் குழு 32 பேரிடம் செய்த மற்றோர் ஆய்விலும் 7 மாதங்களுக்கு எதிராக 21 மாதங்கள் கிடைத்தன. இவற்றைப் படிக்கும் எவருக்கும், இதை ஏன் ஒவ்வொரு ஜில்லா ஆஸ்பத்திரியிலும் செய்யலாகாது என்ற ஆவேசம் எழுவது இயல்பு.

ஆனால் 2003 ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள், முதல் ஸ்டென்ட்டுக்குப் பின்னும் பித்தம் சரியாக வடியாதவர்கள் என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர்களுள் ஒளி பெறாத பிரிவினர் 98 நாட்களே வாழ்ந்ததற்கு, ஒளி கிட்டாதது எவ்வளவு காரணமோ, வடியாத ஈரல் வடியாமலே விடப்பட்டதும் அவ்வளவு காரணமாக இருக்கலாம். அந்நாட்களில் இந்நோய்க்கு நிலைபெற்ற கீமோ சிகிச்சையும் இல்லை. 2010-ல் பிரிட்டனில் 410 பேரிடம் நடந்த ஆய்வு, ஜெம்சிட்டபின் என்ற கீமோ மருந்தை மட்டும் பெற்றவர்கள் 8.1 மாதங்களும், அதனோடு சிஸ்பிளாட்டினும் பெற்றவர்கள் 11.7 மாதங்களும் வாழ்ந்ததைக் காட்டி நிலைமையை மாற்றிற்று. அதே ஆண்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையினர், பித்தநாளப் புற்றின் நெருங்கிய உறவான பித்தப்பைப் புற்று கொண்ட 81 பேரிடம், ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் 4.5 மாதங்கள் ஜெம்சிட்டபின் சேர்ந்த கீமோவால் 9.5 மாதங்களாக உயர்ந்ததை வெளியிட்டனர்; கங்கைச் சமவெளியின் பெருந்துயரமான அந்நோய்க்கு நம் நாட்டு வைத்தியர்களே தந்த விடை என்பதால் அதை இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

இதற்குப் பிறகு வந்ததே ஒளியின் உண்மையான சோதனை. பிரிட்டனில் 92 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஸ்டென்ட் மட்டும் பெற்றவர்கள் 9.8 மாதங்களும், ஸ்டென்ட்டோடு ஒளியும் பெற்றவர்கள் 6.2 மாதங்களும் வாழ்ந்தனர். உதவும் என்று நம்பியது உதவாததோடு, ஆயுளைக் குறைத்ததாகவே கணக்குக் காட்டிற்று. ஒளி பெற்றவர்களுள் பின்னர் கீமோ பெற்றவர்கள் குறைவு என்பது அதற்கு ஒரு முக்கியமான விளக்கம். நோய் நாளத்தைக் கடந்து பரவியவர்களும் அதில் இருந்தனர் என்பது மற்றொன்று. இரு விளக்கங்களையும் நான் ஏற்கிறேன். ஆயினும் அவை ஒளியை விடுதலை செய்வதாக நான் கருதவில்லை. ஒளிக்காக ஒதுக்கிய வாரங்களில் கீமோ தள்ளிப்போயிற்று என்றால், அந்தத் தாமதமும் ஒளிச் சிகிச்சையின் விலைதான். ஜெர்மனியிலிருந்து வரும் பின்னோக்கிய கணக்கெடுப்புகள் சில, ஒளியும் கீமோவும் சேர்ந்தால் ஆயுள் நீள்வதாகக் கூறுகின்றன. இரண்டையும் பெறும் வரை உயிரோடும் தெம்போடும் இருந்தவர்களே அக்கணக்கில் சேர்கிறார்கள் என்பதால், அவற்றை நம்பிக்கை ஊட்டும் குறிப்புகளாகக் கொள்ளலாமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. என் அபிப்பிராயம் இதுவே: பித்தம் நன்றாக வடியச் செய்வது முதற்கடமை, உடல் தாங்குமானால் கீமோ இரண்டாவது, ஒளி, நோய் நாளத்தோடு நிற்கும் சிலருக்கு மட்டும், கீமோவைத் தாமதிக்காதபடி, முறையான ஆய்வின் கட்டுக்குள் தரத்தக்க மூன்றாவது. கடன் வாங்கியோ காடு கழனியை விற்றோ அதைத் தேடிப் போகும்படி ஓர் ஏழைக் குடும்பத்துக்குச் சொல்ல இன்றைய ஆதாரம் இடந்தரவில்லை.

ஆயுள் கணக்கில் வராத மற்றொரு விலை வெயில். மருந்து தோலில் தங்கியிருக்கும் 4 முதல் 6 வாரங்கள் வரையில் நோயாளி நேர் வெயிலில் படலாகாது. பட்டால் சில நிமிஷங்களில் தோல் சிவந்து வீங்கிக் கொப்புளிக்கும். கடைகளில் விற்கும் வெயில் களிம்புகள் இங்கே உதவா; அவை தடுப்பது புற ஊதாக் கதிர்களையேயன்றி, இம்மருந்தைத் தூண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அல்ல. விரலில் மாட்டி இரத்தப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவியின் செவ்வொளிகூட இத்தகைய நோயாளியின் விரலைச் சுட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவு உண்டு. அதற்காக முழு இருட்டில் அடைத்து வைப்பதும் தவறு. வீட்டுக்குள் இருக்கும் மென்மையான வெளிச்சம் தோலிலுள்ள மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கச் செய்வதால், அது வேண்டியதே. ஒரு மாதத்திற்குப் பின் தோலின் சிறு பகுதியை மட்டும் பத்து நிமிஷம் வெயிலில் காட்டி, மறுநாள் வரை சிவப்போ வீக்கமோ இல்லையென்று கண்ட பிறகே வெளியில் நடமாட வேண்டும்.

இவ்விதிகள் வெயில் குறைந்த மேல்நாட்டு நகரங்களில் வகுக்கப்பட்டவை. சாமல்பட்டியிலோ கிரானைட் பட்டறையில் கல் அறுப்பவரும் பாலிஷ் போடுபவரும், மாந்தோப்பில் காய் பறிப்பவரும், ஆடு மேய்ப்பவரும் வெயிலிலேயே பிழைப்பவர்கள். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த வீட்டில் கூரையின் இடைவெளி வழியே பகலெல்லாம் வெயில் கோடு விழும். கழிப்பறை வாசலுக்கு அப்பால் இருக்கும். குழாயடி தெருவில் இருக்கும். வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பகல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் திரும்பும் சில மணி நேரமே அவருக்கு ஆபத்தாக முடியலாம். இருட்டிய பின் பயணம் செய்யும்படியும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் அகன்ற துண்டும் வைத்திருக்கும்படியும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்னும் ஓராண்டே வாழக்கூடிய ஒருவரின் ஆறு வாரங்களைத் திண்ணையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் பிரித்து அறைக்குள் வைப்பது சிறிய காரியமன்று. சிகிச்சைக்கு அவரிடம் சம்மதம் கேட்கும்போது இதைத் தமிழில், அவர் வீட்டு அமைப்பையும் தொழிலையும் விசாரித்து, நிதானமாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது அநியாயம்.

வெயிலை அஞ்ச வேண்டாத போட்டியாளர் ஒருவரும் இப்போது வந்திருக்கிறார். ரேடியோ அலைகளால் வெப்பமூட்டி நாளத்திற்குள்ளேயே கட்டியைச் சுடும் முறை 2011 முதல் மனிதரிடம் பயன்பட்டு வருகிறது. சீனாவில் 65 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஸ்டென்ட் மட்டும் பெற்றவர்களின் 8.3 மாதங்களுக்கு எதிராக, இம்முறையும் சேர்த்துப் பெற்றவர்கள் 13.2 மாதங்கள் வாழ்ந்தனர். மருந்து வேண்டாம், லேசர் வேண்டாம், அறைக்குள் அடைபட வேண்டாம். நம் நாட்டிற்கு இது பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒளியின் கதை கற்பித்த பாடத்தை மறக்காமல், கீமோ பெறுபவர்களிடையிலும் இது நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அதைக் கொண்டாட வேண்டும்.

ஒளித்துறையில் இந்திய விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்தில், இலைகளின் பச்சையத்திலிருந்து வருவித்த குளோரின் பி6 என்ற மருந்தைப் பிராணிகளிடம் சோதித்திருக்கிறார்கள்; சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறையில், திசுக்கள் தாமே உமிழும் ஒளியைக் கொண்டு புற்றை இனங்காணும் ஆராய்ச்சி பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. உடலை விட்டுச் சில நாட்களிலேயே நீங்கிவிடும் மருந்து ஒன்று இங்கே உருவாகுமானால், மேலே சொன்ன வெயில் தடையில் பாதி குறைந்துவிடும்.

இந்நோயின் காரணங்களுள் ஒன்றையும் இப்பிரதேசத்தார் அறிந்திருக்க வேண்டும். வடகிழக்குத் தாய்லாந்தில் வேகாத மீனோடு உடலுக்குள் செல்லும் ஒருவகைப் புழு இதற்குக் காரணம். மீனைக் குழம்பாக்கி உண்ணும் நமக்கு அதனால் கவலை குறைவு. ஆனால் ஜப்பானில் ஒசாகா நகரின் சிறிய அச்சகம் ஒன்றில், காற்றோட்டமற்ற அறையில் அச்சு உருளைகளைத் துடைக்கும் கரைப்பானை முகர்ந்து வந்த இளந்தொழிலாளர்களுள் 17 பேருக்குப் பித்தநாளப் புற்று வந்ததாக 2013 வாக்கில் தெரிந்தது. அக்கரைப்பானிலிருந்த 1,2-டைக்ளோரோபுரோப்பேனை மனிதருக்குப் புற்று விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2014-ல் வகைப்படுத்திற்று. ஓசூர் சிப்காட்டைச் சுற்றிலும், எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி வரையிலும், எண்ணெய்ப் பிசுக்கை நீக்கவும் அச்சு மையைத் துடைக்கவும் கரைப்பான்களைக் கையாளும் சிறு பட்டறைகளில் வேலை செய்வோர் பலர் நம் ஊர்ப் பிள்ளைகள். டப்பாவின்மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்கவும், ஜன்னலைத் திறந்து வைக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

அடைப்புக் காமாலையை நேரத்தில் இனங்காண நம்மிடம் ஒரு வழி உண்டு. மருத்துவம் வீடு தேடி வரும் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பட்டது, இதே கிருஷ்ணகிரி ஜில்லாவில், சூளகிரியை அடுத்த சாமனப்பள்ளியில். அதன்கீழ்ச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொண்டு வரும் பெண்கள், வாசலில் உட்கார்ந்து பெரியவரின் கையைப் பிடித்து அழுத்தம் பார்க்கும்போதே, வெளிச்சத்தின் பக்கம் திரும்பச் சொல்லி அவர் கண்ணின் வெள்ளையைப் பார்க்கலாம். மலம் வெளுத்திருக்கிறதா, ராத்திரி அரிப்பு எடுக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்கலாம். ஆம் என்றால், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அவரை அன்றைக்கே அனுப்பி ஸ்கேன் எடுக்கச் செய்யலாம். சாமல்பட்டியில் ஏறுகிற ரயில் திருப்பத்தூர், ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறக்கி விடுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அங்கிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. மறுபக்கம் பெங்களூரில் கித்வாய் நினைவு நிலையமும், சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கின்றன. பித்தம் வடிய ஸ்டென்ட் வைப்பதா, அறுத்து எடுப்பதா, கீமோவா, ஒளியா என்று அங்குள்ள வைத்தியர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் நிலையில் நோயாளி போய்ச் சேருவது, கண் மஞ்சளித்த முதல் வாரத்திலா, மூன்றாம் மாதத்திலா என்பதைப் பொறுத்தே இந்தச் சிகிச்சைகளுள் எத்தனை அவருக்கு எஞ்சியிருக்கும் என்பது தீர்மானமாகிறது.